இரண்டு நாற்பத்தொன்று

முதலில் வண்டியைக் காலி பண்ணச் சொன்னார்கள்.
ஸ்டெப்னி, ஜாக்கி, இரண்டு குடை,
மகனின் ஒற்றைச் செருப்பு,
போன கிறிஸ்துமஸில் தொலைந்த கேக் கத்தி,
சீட்டுக்கடியில் உருண்டுகொண்டிருந்த ஒரு நேந்திரங்காய்.
எல்லாவற்றையும் டிரான்ஸ்பார்மர் கம்பிவேலியோரம்
சாக்கு விரித்து வைத்தேன்.
பைபிளைத் தரையில் வைக்க மனம் வரவில்லை,
ஆஸ்டின் கையில் கொடுத்தேன்.
வீட்டில் சர்ச்சுக்கு என்றுதான் சொல்லியிருந்தேன்.

முப்பந்தலுக்குத் தெற்கே
காற்றாலைக் கம்பெனியின் சொந்தச் சாலை.
மூன்று கிலோமீட்டர் சொச்சம், ஒன்பது வளைவு.
ஞாயிறு மட்டும், பத்து மணி வரைக்கும் மட்டும்.

ஆஸ்டின் பேட்டரியை ஆட்டிப் பார்த்தான்.
பிரேக் ஆயிலை மோந்து பார்த்தான்.
கால்மிதியை உருவி வெளியே எறிந்தான்.
"பெடலுக்கடியில போச்சுன்னா சோலி தீந்துது எக்கா."
கதவில் வெள்ளை டேப்பால் 37 ஒட்டினான்.
ஏழு கொஞ்சம் சாய்ந்திருந்தது.

யாரையும் முந்த வேண்டாம். முந்தவும் கூடாது.
ஒரு வண்டி போய் ஒரு நிமிடம் கழித்து அடுத்தது.
எதிரி என்று பார்த்தால்
குடைக்கடியில் கடிகாரம் அமுக்கும் ஷீபா டீச்சர்தான்.
அவரும் வடை தின்றுகொண்டிருந்தார்.

இரவல் ஹெல்மெட்டுக்குள்
யாருடையதோ தேங்காயெண்ணெய் வாசம்.
நாகர்கோவில் எக்ஸ்ரே அறையில்
நாளைக்கு அறுபது நெஞ்சிடம் சொல்கிறவள் நான்:
மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க.
கொடி இறங்கியது.
மூச்சை விடுங்க என்று சொல்ல
அங்கே ஆளில்லை.

முதல் சுற்றில் பறந்தேன்.
டயர் கத்தியது, நானும் கத்தினேன்.
ஐந்தாம் வளைவில் ஆரல்வாய்மொழிக் காற்று
பஸ் ஏறுகிற கூட்டம் போலத் தோளால் இடித்தது.
இரண்டு சக்கரம் செம்மண்ணில் இறங்கி ஏறின.
கடைசிக் கூம்பைத் தாண்டும்போது
இதற்கு மேல் மனுஷரால் முடியாது என்று பட்டது.
இரண்டு நாற்பத்தொன்பது.
ஷீபா டீச்சர் இன்னொரு முறை சொன்னார்,
எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து.

"வளைவப் பாக்காதீங்க எக்கா,
வளைவு முடியுற எடத்தப் பாருங்க.
பிரேக்க, வண்டி நேரா நிக்கும்போதே முடிச்சிருங்க."
சொல்லிவிட்டு ஆஸ்டின்
அடுத்த வண்டியின் கால்மிதியை உருவப் போனான்.

இரண்டாம் சுற்று சொல்லிக்கொள்கிறபடி இல்லை.

மூன்றாவதில்
நான் எதுவும் செய்ததாய் ஞாபகமில்லை.
காற்றாலை இறக்கையின் நிழல்
சாலையைத் துடைத்துத் துடைத்துப் போனது.
ஒரு துடைப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே
பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.
காற்று வந்தது, தெரிந்த ஆள் மாதிரி.
ஸ்டியரிங்கில் ஒரு விரல் இடம் கொடுத்தேன்.
டயர் கத்தவில்லை.
வடசேரிச் சந்தைக்குப் போய் வருவதுபோல் இருந்தது.
மெதுவாய்ப் போய்விட்டேன், கெடுத்துவிட்டேன் என்றுதான்
வண்டியை நிறுத்தினேன்.

இரண்டு நாற்பத்தொன்று.

எட்டு வினாடி எங்கே கிடந்தது?
நான் பறந்த இடங்களிலெல்லாம்
சிந்திக் கிடந்திருக்கிறது.

பதினேழு பேரில் பதினாலாவது.

திரும்பும்போது, தோவாளை தாண்டி,
வாழைக்குலை லாரிக்குப் பின்னால்
நாற்பதில் வந்துகொண்டிருந்தேன். ஹாரன் அடிக்கவில்லை.
வெள்ளமடம் பக்கம் பின்சக்கரம் தொளதொளத்தது.
ஓரங்கட்டி டிக்கியைத் திறந்தேன்.
சுத்தமாய்க் காலி.
வேலியோரத்துச் சாக்கு
அப்போதுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

அரைமணி நேரம் கழித்து
பதிமூன்றாவதாய் வந்த கருங்கல் ஷாஜின்
பழைய எஸ்டீமைக் கொண்டுவந்து நிறுத்தினார்.
பின்சீட்டில் என் ஸ்டெப்னி, ஜாக்கி, குடைகள்,
ஒற்றைச் செருப்பு, கேக் கத்தி, மேலே பைபிள்.
"நேந்திரங்காய மட்டும் ஆடு தின்னுட்டு."

நட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டார்:
"அஞ்சாம் வளைவுல நீங்க எந்த கியரு?"
அவருக்கும் எனக்கும் நடுவே
கால் வினாடிதான்.
கையெல்லாம் கிரீஸாக
எனக்காகத்தான் குனிந்திருந்தார்.

"நாலு" என்றேன்.

மூன்று.